முன்பெயர் சோதிலிங்கம்

ஆல்ட்ரோடா
02.03.2024

அன்புள்ள அண்ணை,

பத்து மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைக்க முடியாது, உறையைக் கிழிக்கும் மட்டுமாவது கையில் இருக்கும். அதுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் திவசத்தன்று நான் கத்தியது பிழை. கத்திய விஷயம் பிழையில்லை. அப்பாவுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய எனக்கு இன்றைக்கும் சம்மதம் இல்லை. காணாமல் போன மனுசனைச் செத்தவர் என்று எழுதிக்கொடுக்க நாங்கள் யார்? அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முகம் துடைக்கப் போனபோதுகூட, "பொட்டிலை கைவைக்காதை பிள்ளை" என்று தமிழிலேயே அதட்டினா. அந்தப் பிள்ளைக்கும் என்ன விளங்கியதோ, கையை எடுத்துவிட்டாள்.

அது கிடக்கட்டும். யூன் ஒன்பதாம் திகதி இங்கே மாவட்ட சபைத் தேர்தல். நான் நிற்கிறேன்.

கசக்காதேங்கோ, மிச்சத்தையும் வாசியுங்கோ. இங்கே ஒரு கூட்டம் மாவட்டத்தைத் துப்புரவாக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. எதைத் துப்புரவாக்குவார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள், என்னுடைய காரைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வருடம் அகதிப் பிள்ளைகள் டொச் மொழி படித்த கட்டடத்தைப் பூட்டவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கெஸ்லர் என்ற ஓய்வுபெற்ற வேதியியல் ரீச்சர், பாதிரியார், ஒரு தீயணைப்புப் படைக்காரர், ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் என்று பத்தொன்பது பேர் சேர்ந்து சனநாயகக் கூட்டணி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கட்சி இல்லை. ஒருவருக்கொருவர் ஒத்தே வராத ஆட்கள், ஒரு கூட்டத்தில் மூன்று தரம் சண்டை வரும். என்னைக் கேட்டதற்குக் காரணம் என் வேலை. வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, மாத்திரை பிரித்துவைத்து, கிழடுகளுக்குக் காலுறை மாட்டிவிடுகிறேன் அல்லவா, பதினொரு கிராமத்திலும் என் காரை நாய்க்கும் தெரியும்.

ஒரு பகிடியும் இருக்கிறது. வேட்பாளர் பட்டியலில் என் குடும்பப் பெயர் கிருசாந்தி, முன்பெயர் சோதிலிங்கம்! நான் வந்து இறங்கிய வருடம் நீங்கள் நிரப்பித் தந்த படிவத்தின் புண்ணியம். "ஃபோர்நாமே எண்டால் முன்னுக்கு வாற பேர்தானே, எங்களுக்கு முன்னுக்கு வாறது அப்பான்ரை பேர்" என்று விளக்கமும் சொன்னீர்கள். உங்களுக்கும் அப்படியே எழுதி வைத்திருந்தீர்கள். ஆக இந்த நாட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே முன்பெயர். கூட்டணியில் எல்லாரும் என்னைச் சோதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்த விருப்பமா என்று கெஸ்லர் அம்மா கேட்டா, நான் வேண்டாம் என்றுவிட்டேன். தான் நின்ற தேர்தலின் வாக்கு நாளைக் காணாமலே போனவர் அப்பா. இந்தமுறையாவது அந்தப் பெயர் வாக்குச்சீட்டில் ஏறட்டும்.

பதில் எழுதுங்கோ.

தங்கச்சி
கிருசாந்தி


டுசல்டோர்ஃப்
11.03.2024

கிருசாந்தி,

உறையைக் கிழித்தேன். வாசித்த பிறகு ஏன் கிழித்தேன் என்று இருந்தது.

உனக்கென்ன விசரா? தொண்ணூற்றெட்டு தை மாதம் உனக்குப் பதினாறு வயது, மறந்திருக்க மாட்டாய். ஊரில் பிரதேச சபைக்கு அப்பா நின்றார். நிற்காதே என்று துண்டு வந்தது. "நாங்கள் பதினெட்டுப் பேர் சேந்து நிக்கிறம், என்ன பயம்" என்றார். காலை எட்டு மணிக்கு வோட்டுக் கேட்கப் போனார். அடுத்த நாள் மற்றப் பதினேழு பேரும் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். அப்பா வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. ஆர் கொண்டுபோனது என்று கேட்டால் அவன் இவனைக் காட்டினான், இவன் அவனைக் காட்டினான். அம்மா எத்தனை காம்ப் வாசலில் போய் நின்றா என்று எண்ணினது நான்தான்.

இப்போது நீ பத்தொன்பது பேர் என்று எழுதுகிறாய்.

ஏப்ரல் முதல் கிழமை வரை பெயரை எடுக்கலாமாம். டிப்போவில் என்னோடு ட்ராம் ஓட்டுகிற ஒருவனிடம் விசாரித்தேன். எடு.

படிவத்தைப் பற்றி நக்கல் வேண்டாம். வந்து ஒன்றரை வருடத்தில் எனக்கு விளங்கிய டொச் அவ்வளவுதான். நீயும் அன்றைக்குப் பக்கத்தில் இருந்து தலையாட்டினாய்.

மதீசன்


ஆல்ட்ரோடா
14.04.2024

அன்புள்ள அண்ணை,

பெயரை எடுக்கவில்லை. நாள் முடிந்துவிட்டது, இனி எடுக்கவும் ஏலாது. கோபித்துக்கொள்ளுங்கோ, ஆனால் நான் இப்போது கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கோ.

ஏப்ரல் ஆறாம் திகதி நீடர்வால்ட் கிராமத்தில் பிரான்ட் என்ற கிழவருக்கு ஊசி போடப் போனேன். "உன்ரை ஆள் நேற்று வந்தவர். நல்ல மனுசன், சோதிலிங்கம்" என்றார். அது நான்தானே என்று சிரித்தேன். "நீ பொம்பிளை. அவர் ஆம்பிளை" என்று எனக்கே விளக்கினார். அவருக்கு மறதி நோய். எழுதிவைக்கும் கொப்பியில் "இன்று குழப்பமாக உள்ளார்" என்று குறித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினோராம் திகதி அதே தெருவில் லோரன்ஸ் அம்மா. அவவுக்கு அறுபத்தொரு வயது, தபால் கொண்டு திரிகிறவ, ஊரில் எல்லார் முகமும் பாடம். அவவும் சொன்னா. முதல்நாள் மத்தியானம் வந்தாராம். வெள்ளைச் சேட்டு, நீளக் களுசான். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டாராம். பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை றோசா மரத்தின் அடியில் ஊற்றினாராம். களுசான் சங்கிலியில் மாட்டாமல் இருக்க, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்று காலில்.

வோட்டுக் கேட்டுப் போனால் அப்பா எந்த வீட்டுக்குள்ளும் ஏறமாட்டார், உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்து மற்ற வீட்டில் குடிக்காமல் விட்டால் பாகுபாடாம். படலையில் நின்று தண்ணீர், மிச்சம் மரத்துக்கு. இதை நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை.

"டொச்சிலையோ கதைச்சவர்?" என்று கேட்டேன். "அது ஞாபகம் இல்லை. ஆனால் எல்லாம் விளங்கினது" என்றா.

அண்ணை, நீங்களா? என்னை வெருட்டி நிற்பாட்டுவதற்கு இப்படி ஒரு வேலை செய்கிறீர்களா? அப்படி என்றால் சொல்லுங்கோ, நான் கோபிக்கமாட்டேன். சத்தியமாகக் கோபிக்கமாட்டேன்.

கிருசாந்தி


டுசல்டோர்ஃப்
25.04.2024

கிருசாந்தி,

நான் இல்லை. வேலை அட்டவணையின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரல் ஐந்தாம் திகதியும் பத்தாம் திகதியும் விடிய ஐந்து மணியிலிருந்து ட்ராமில். இந்த நகரத்தில் பாதிச் சனம் என்னைக் கண்டிருக்கும். அப்பாவின் சைக்கிளில் ஏறி உன்னை வெருட்ட நான் என்ன பேயா?

உன்னுடைய கிழடுகளுக்கு மண்ணிறத் தோல் என்றால் எல்லாரும் ஒன்றுதான். யாராவது சிரியாக்காரன் வழி கேட்டிருப்பான், தண்ணி கேட்டிருப்பான். உன்னுடைய படத்தையும் பெயரையும் கம்பத்தில் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து முடிந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் கடிதம் மேசையில் கிடந்தது.

கிளிப் எந்தக் காலில்?

சைக்கிள் சங்கிலி வலப்பக்கம். கிளிப் போடுகிற எல்லாரும் வலக்காலில்தான் போடுவார்கள். கேட்டுப் பார்த்து எழுது.

மதீசன்


ஆல்ட்ரோடா
12.05.2024

அண்ணை,

இடக்கால்.

லோரன்ஸ் அம்மாவிடம் கேட்டேன். யோசிக்காமலே சொன்னா, தானும் அதைப் பார்த்து விசித்திரம் என்று நினைத்தாவாம். அம்மா ஒவ்வொரு நாளும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது நினைவிருக்கிறதா, "சங்கிலி அங்கை, கிளிப் இஞ்சை" என்று? இப்போது நாலு கிராமத்தில் ஒன்பது வீட்டில் சொல்லிவிட்டார்கள். எல்லாம் பட்டப்பகலில். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. சொல்லி முடித்துவிட்டு, "அவர் திரும்ப வருவாரோ?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

அதைவிட வேறு ஒன்று. இங்கே கல்லறையில் வைக்கிற சிவப்பு விளக்கு உங்களுக்குத் தெரியும், பிளாஸ்ரிக் குவளைக்குள் மெழுகுதிரி. போன செவ்வாய் காலை வேலைக்குப் போகும்போது பார்த்தேன், என் முகம் தொங்குகிற நாலு கம்பத்தின் அடியிலும் ஒவ்வொரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொலிஸ் வந்து படம் எடுத்தது. விளக்கு வைப்பது குற்றம் இல்லையாம். புதன்கிழமை திரும்பவும் நாலு. வியாழன் காலையும் இருந்தது, ஆனால் எல்லாம் அணைந்திருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குவளையிலும் விளிம்புவரை தண்ணீர். இங்கே மழை பெய்து மூன்று கிழமை, அண்ணை.

அதைக் கண்டு எனக்குப் பயம் கூடினதா குறைந்ததா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

தீயணைப்புக்காரரின் மனைவி அவரை இனி வீடு வீடாக விடமாட்டேன் என்றுவிட்டா. பாதிரியார் சுகமில்லை என்கிறார். கெஸ்லர் அம்மாவுக்கு முழங்கால். பட்டியலில் பத்தொன்பது பேர், தெருவில் நான் மட்டும். நேற்று ஒரு கார் என் பின்னால் ஒரு கிராமம் முழுக்க மெல்ல மெல்ல வந்தது. கண்ணாடி இறக்கவில்லை.

நான் வீரி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு சனிக்கிழமை வாங்கோ அண்ணை. நீங்கள் ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்குப் பின்னால் நடந்து வந்தால் போதும்.

கிருசாந்தி


டுசல்டோர்ஃப்
20.05.2024

கிருசாந்தி,

வர ஏலாது. லீவு இல்லை.

பின்னால் நடந்து வந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை எனக்கு இனி எழுதாதே. தெரியாமல்தான் எழுதினாய், அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் எழுதாதே.

வீட்டுக் கதவைப் பூட்டி வை.

மதீசன்


டுசல்டோர்ஃப்
03.06.2024

தங்கச்சி,

இதை எழுதுவதற்கு நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்தத் தை மாதம் அன்று காலை அப்பா தனியாகப் போகவேண்டியவர் இல்லை. சைக்கிளைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வாவன் மதீசு, ரெண்டுபேராப் போவம்" என்றார். எனக்கு இருபத்துநாலு வயது, சின்னப் பிள்ளை இல்லை. அந்த மிரட்டல் துண்டை அப்பாவுக்கு முதல் வாசித்தது நான். அதனால் பாயை விட்டு எழும்பவில்லை. "நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்றேன். அவர் நம்பிப் போனார். நான் போகவில்லை. திரும்பிப் படுத்து நித்திரையாய்ப் போனேன்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. கட்டின மனுசிக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பின்னால் வரச் சொல்லி எழுதிய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முந்தநாள் சனிக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து உன்னுடைய மாவட்டத்துக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சந்தையடியில் கெஸ்லர் அம்மா மேசை போட்டுக்கொண்டு இருந்தா. பெயர் கேட்டா. அடையாள அட்டையில் இருக்கிற முன்பெயரைச் சொன்னேன், சோதிலிங்கம் என்று. அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டு நோட்டீசைத் தந்தா. பஸ் எடுத்து நீடர்வால்ட் போனேன். ஒரு தெருவாவது நடந்துவிட்டு வருவோம், உனக்குத் தெரியவே தேவையில்லை என்பதுதான் எண்ணம்.

மத்தியானம் பன்னிரண்டரை. நல்ல வெயில், தெருவில் ஒரு குருவி இல்லை. முதல் வீட்டில் ஆள் இல்லை. படலையடியில் பூச்சட்டி, மண் ஈரம். இரண்டாவது படலையில் ஒரு மனுசி, எழுபது வயது இருக்கும், கையில் வெறும் கிளாசோடு நின்றுகொண்டிருந்தா. நான் வாயைத் திறக்க முதலே சிரித்தா.

"தெரியும், தெரியும். உங்கடை அப்பா இப்பதான் போறார். மகன் பின்னாலை வாறான் எண்டு சொன்னவர்."

அவ சொன்னது டொச். எனக்குக் கேட்டது இப்படித்தான்.

தெருவைப் பார்த்தேன். வயல் நடுவே நேர் தெரு, ஒரு கிலோமீற்றருக்குத் தெரிகிறது. ஒருவரும் இல்லை. புழுதியில் ஒரு சைக்கிள் போன தடம் மட்டும்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அடுத்த படலைக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. ஆள் இருந்தது பதினாறு படலை, கிருசாந்தி. பதினாறிலும் அப்பா இப்பதான் போகிறார், பதினாறிலும் மண் ஈரம். நான் எட்டி நடந்தாலும் இப்பதான், மெல்ல நடந்தாலும் இப்பதான். ஒரு கிழவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பிந்திப்போனீர்" என்றார். அவருக்கு என்ன தெரியும்! நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் எனக்கும் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

தெரு முடிகிற இடத்தில் உன்னுடைய படம். கீழே சிவப்பு விளக்கு. கையில் எடுத்தேன், தண்ணீர் குளிராக இருந்தது. இனி அந்த மண்ணில் நிற்க என்னால் முடியவில்லை. உன்னையும் பார்க்காமல் ரயில் ஏறிவிட்டேன்.

அவர் அலைகிறார். நாங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டதால் அலைகிறார். ஊன்ட்றொப் கோயிலுக்குப் போன் எடுத்தேன். யூன் இருபத்திரண்டு, கால்வாய்க் கரையில் அந்தியேட்டி செய்துதர ஐயர் நாள் குறித்து டெர்மின் தந்திருக்கிறார். திதி கேட்டார், நான் அந்தத் தை மாதத் திகதியைச் சொன்னேன். நீ வரவேண்டும். போன வருடம் மாதிரிக் கத்தாதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. வென்றாலும் ஒரு கிழமைக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாமாம். எழுதிக்கொடு. அவரையும் விடுவோம், நீயும் விடு. உன்னையும் பறிகொடுத்துவிட்டு என்னால் இருக்க ஏலாது.

அண்ணை


ஆல்ட்ரோடா
15.06.2024

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தைக் காருக்குள் வைத்து வாசித்தேன். அன்றைக்கு மூன்று பேருக்கு ஊசி பிந்தியது.

இருபத்தாறு வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி அண்ணை ட்ராம் ஓட்டினீர்கள்? நீங்கள் அன்றைக்குப் போயிருந்தால் அம்மா இரண்டு பேருக்காக வாசல் வாசலாக நின்றிருப்பா, எனக்கு அண்ணனும் இருந்திருக்க மாட்டார். எனக்கு உங்களில் கோபம் இல்லை. ஒரு துளியும் இல்லை. சொல்லாமல் ரயில் ஏறினதற்கு மட்டும் இருக்கிறது.

தேர்தல் கதையைச் சொல்கிறேன். சபையில் நாற்பத்திரண்டு கதிரை. துப்புரவுக்காரருக்குப் பதினைந்து. எங்களுக்கு ஐந்து. அதில் ஒன்று எனக்கு. இங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு, மூன்று புள்ளடி, மூன்றையும் ஒருவருக்கே போடலாம். நீடர்வால்டில் எழுபத்திரண்டு பேர் வந்து போட்டிருக்கிறார்கள். ஆக இருநூற்றுப் பதினாறு புள்ளடி. அத்தனையும் ஒரே பெயருக்கு. அந்தத் தெருவிலேயே நாலு வீடு துப்புரவுக்காரரின் வீடு. கெஸ்லர் அம்மா பக்கத்தில் நின்று இரண்டு தரம் எண்ணவைத்தா. எண்ணினவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம்.

அடுத்த நாள் பிரான்ட் கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவருக்குச் சொல்லு, நான் சொன்னபடி போட்டனான்" என்றார். அவருக்கு என் பெயர் அன்றைக்கும் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மதிப்புக்குரிய திரு. சோதிலிங்கம் கிருசாந்தி அவர்களே என்று தொடங்கியிருக்கிறார்கள். திருமதியும் இல்லை, செல்வியும் இல்லை, திரு. ஒரு கிழமைக்குள் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்காம். பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் எனக்குப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் பிரதியைப் பார்த்தேன். நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதவேண்டிய இடத்தில் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் போய்த் திருத்தவில்லை.

நீங்கள் அலைகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அலைகிற மனுசன் ஒரு தெருவும் விடாமல் ஒழுங்காகப் போவாரா? மகன் பின்னாலை வாறான் என்று பதினாறு படலையிலும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். உங்களைப் பேசவில்லை அண்ணை, குறை சொல்லவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஐயருக்குப் போன் எடுத்து அந்த டெர்மினை நிற்பாட்டுங்கோ. அப்பாவுக்குத் திதி சொல்லவேண்டாம். அப்பாவை இங்கே ஐந்து வருடத்துக்குத் தெரிவுசெய்திருக்கிறார்கள், அதுவரைக்கும் அவருக்கு வேலை கிடக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் சொன்னபடி ஊன்ட்றொப் வருகிறேன், கத்தமாட்டேன்.

நேற்றுக் காலை கம்பங்களிலிருந்து என் படங்களைக் கழற்றினோம். விளக்கு ஒன்றும் இல்லை. நாலு கம்பத்தின் அடியிலும் மண் மட்டும் ஈரமாக இருந்தது.

முதல் கூட்டம் யூலை மூன்றாம் திகதி, பின்னேரம் ஐந்து மணி, மாவட்ட அலுவலகத்தின் பெரிய மண்டபம். பார்க்க வருகிறவர்களுக்குப் பின்வரிசையில் வாங்கு போட்டிருக்கிறார்கள். லீவு எடுங்கோ.

நாங்கள் முன்னாலை போறம். நீங்கள் பின்னாலை வாங்கோ.

தங்கச்சி
கிருசாந்தி